கொல்கிசின் போட்டும் காய்ச்சல் அடங்கவில்லை, அடுத்தது ஊசிதானா?

மேலூர்க்காரன்:

வணக்கம். தங்கச்சிக்காகக் கேட்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு வயது 24. ஏழெட்டு வயதிலிருந்தே மாதம் ஒருமுறை, சில மாதம் இரண்டுமுறை, சொல்லாமல் கொள்ளாமல் காய்ச்சல் 103 வரை ஏறும், வயிற்றில் கை வைக்க விடமாட்டாள், சில சமயம் மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தும், அப்புறம் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து உட்கார்ந்து சோறு கேட்பாள். டைபாய்டு என்று ட்ரிப்ஸ் ஏற்றியதற்குக் கணக்கே கிடையாது. குடல்வால் என்று ஆபரேஷன் ஆனது. வயிற்றில் டி.பி. என்று 6 மாதம் மாத்திரை கொடுத்தார்கள். அப்பத்தா ஒரு பக்கம் குலசாமி குத்தம் என்று திருநீறு பூசிக்கொண்டிருந்தது. பரீட்சைக்கு முன்னால் வந்தால் நடிக்கிறாள் என்று சொன்ன வாத்தியாரும் உண்டு.

கடைசியில் வேலூர் சி.எம்.சி.க்குப் போய்த்தான் நோயின் பெயரே தெரிந்தது. குடும்ப மத்தியதரைக்கடல் காய்ச்சல், சுருக்கமாக எஃப்.எம்.எஃப். என்றார்கள். நம்ம மேலூருக்கும் மத்தியதரைக்கடலுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று அப்பா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். கொல்கிசின் 0.5 மில்லிகிராம் மாத்திரை, ஒரு நாளைக்கு 3. ஆரம்பத்தில் நன்றாகக் குறைந்தது. இப்போது ஒரு வருஷமாகப் பழைய மாதிரியே மாதம் ஒன்று வருகிறது. போன வாரம் இங்கே ஒரு டாக்டரிடம் காட்டினோம், மருந்துக்கு அடங்கவில்லை, இனி பயாலஜிக் என்கிற உயிரியல் மருந்து ஊசிதான், செலவு ரொம்ப ஆகும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

கேள்வி மூன்று. இது நிஜமாகவே மருந்து கேட்காத நிலைதானா? ஊசி போட்டால் எல்லாம் நின்றுவிடுமா? மூன்றாவது, அவள் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள், மாதம் மூன்று நாள் லீவு என்றால் சம்பளம் பிடிக்கிறார்கள், வீட்டில் கல்யாணப் பேச்சு வேறு ஓடுகிறது. இந்த நோயோடு இருக்கிறவர்கள் இதையெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஒட்டன்சத்திரத்து அக்கா:

தம்பி, எனக்கும் இதே எஃப்.எம்.எஃப்.தான். ஊசியைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் நான் கேட்பதைத் தங்கச்சியிடம் தனியாக, அம்மா பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். 3 மாத்திரையும் தினமும் உள்ளே போகிறதா? ஒருநாள் கூட விடாமலா? நான் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. இந்த மாத்திரை வயிற்றைக் கலக்கும். வீட்டில் இருக்கிறவளுக்கு அது தொந்தரவு, அவ்வளவுதான். ஜவுளிக்கடையில் கவுண்டரில் நிற்கிற பிள்ளைக்கு அது மானப் பிரச்சினை. பாத்ரூம் எத்தனையாவது மாடியில் இருக்கிறது, எத்தனை தடவை போனால் சூப்பர்வைசர் முறைப்பார், இதையெல்லாம் விசாரித்தீர்களா? வேலைக்குப் போகிற பெண்கள் காலை மாத்திரையை விழுங்காமல் பையிலேயே வைத்திருப்பது நமக்குள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்தான்.

இன்னொன்று, கொல்கிசின் சாப்பிடுகிற சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் போகும். பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கிற சக்தியை அது குறைத்துவிடும். எனக்கு டீயையும் பாலையும் நிறுத்திய பிறகுதான் வயிறு நின்றது. அதுவரைக்கும் மாத்திரையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். மூன்றையும் ஒரே வேளையில் போடாமல் பிரித்துப் போடலாமா, ராத்திரிக்கு அதிகம் வைத்துக்கொள்ளலாமா என்றும் டாக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம் கால். கணுக்கால் பக்கம் திட்டாகச் சிவந்து, சூடாக, தொட்டால் வலிக்கிற மாதிரி வருகிறதா? அதுவும் இந்த நோயில் வருவதுதான், நாள் பூராவும் நின்றால், நடந்தால் கிளம்பும். 2021ல் தமிழ்நாட்டில் கடைகள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். கடையில் ஸ்டூல் இருக்கிறதா, இருந்தால் உட்கார விடுகிறார்களா என்று பாருங்கள், இரண்டும் வேறு வேறு விஷயம்.

மூலிகை நேசன்:

கொல்கிசின் என்பதே நம்ம செங்காந்தள் விதையில் இருக்கிற சரக்குதான். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் ஏக்கர் கணக்கில் போடுகிறார்கள். வெளிநாட்டுக்காரன் விதையை வாங்கிப் போய் மாத்திரையாக்கி நமக்கே விற்கிறான். இயற்கையாக அந்தக் கிழங்கைச் சுத்தி செய்து சாப்பிட்டால் மாத்திரையும் வேண்டாம், லட்ச ரூபாய் ஊசியும் வேண்டாம்.

ஒட்டன்சத்திரத்து அக்கா:

நேசன் அண்ணே, நீங்கள் சொல்கிற கண்வலிக்கிழங்கு எங்கள் தோட்டத்து வேலியிலேயே கிடக்கிறது. அந்த விதையில் கொல்கிசின் இருப்பது உண்மை, ஏற்றுமதியாவதும் உண்மை. அந்தக் கிழங்கைத் தின்று இறந்தவர்கள் இருப்பதும் உண்மை, எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் கேட்டுப் பாருங்கள். மாத்திரையில் 0.5 மில்லிகிராம் என்று அளந்து வைத்திருப்பதற்குக் காரணமே, இந்த மருந்தில் வேலை செய்கிற அளவுக்கும் ஆளைக் கொல்கிற அளவுக்கும் இடைவெளி ரொம்பக் கம்மி என்பதுதான். கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று எந்தச் சுத்தி முறையாலும் அளக்க முடியாது. தம்பி, இந்த யோசனையை வீட்டில் வாய்விட்டுக்கூடப் படித்துக் காட்டாதீர்கள், அப்பத்தா காதில் விழுந்துவிடும்.

வைகைக்கரை டாக்டர்:

நான் வாதநோய்த் துறையில் பயிற்சி பெற்றவன், மதுரையில் வேலை. நேரில் பார்க்காமல் தங்கைக்கு மருந்து சொல்ல முடியாது, பொதுவாகச் சொல்கிறேன்.

ஒரு வரியில் முடிக்கக்கூடிய முடிவு இல்லை இது. 2016ல் வந்த ஐரோப்பிய வாதநோய்ச் சங்கத்தின் பரிந்துரைப்படி, தாங்கக்கூடிய அதிகபட்ச அளவு கொல்கிசினை ஒழுங்காகச் சாப்பிட்டும், 6 மாதமாக மாதம் ஒன்றோ அதற்கு மேலோ தாக்குதல் வந்தால்தான் மருந்துக்கு அடங்கவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதிகபட்சம் என்பது பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 3 மில்லிகிராம் வரை போகும். உங்கள் தங்கை எடுப்பது 1.5. சிறுநீரகமும் கல்லீரலும் நன்றாக இருந்து, வயிறு தாங்கினால், மேலே ஏற்றிப் பார்க்க இன்னும் இடம் இருக்கிறது. அந்தப் படியைத் தாண்டாமல் ஊசிக்குப் போனார்களா, அல்லது ஏற்றிப் பார்த்து முடியாமல் போனதா என்று கேளுங்கள். ஏற்றுவது டாக்டர் பார்வையில்தான், நீங்களாக ஒரு மாத்திரைகூடக் கூட்டக் கூடாது. தாக்குதல் வந்த அன்றைக்கு மட்டும் மூன்று நான்கு மாத்திரை சேர்த்துப் போடுவதும் பலனில்லை. இது வராமல் தடுக்கிற மருந்து. வந்த பிறகு வலிக்கும் காய்ச்சலுக்கும் தனி மருந்துதான்.

அடுத்தது, நோய் அதுதானா? மரபணுப் பரிசோதனைத் தாளை எடுத்துப் பாருங்கள். இந்த நோய்க்குக் காரணமான எம்.இ.எஃப்.வி. மரபணுவில் எம்694வி என்ற மாற்றம், அப்பாவிடமிருந்து வந்தது, அம்மாவிடமிருந்து வந்தது என்ற இரண்டு பிரதியிலும் இருந்தால் சந்தேகமே இல்லை, அது கடுமையான வகையும்கூட, கொல்கிசின் அளவு அதிகமாகத் தேவைப்படுகிறவர்களும் அடங்காதவர்களும் இந்த வகையில்தான் அதிகம். ஆனால் ஈ148க்யூ என்ற ஒன்று மட்டும் இருந்தால் கவனம். அது நம் நாட்டில் நோயே இல்லாத ஆட்களிடமும் சாதாரணமாகக் காணப்படுகிறது, அதை வைத்து மட்டும் எஃப்.எம்.எஃப். என்று எழுதிவிட முடியாது. காய்ச்சல் ஒரு வாரத்துக்கு மேல் இழுக்கிறது, கண்ணைச் சுற்றி வீங்குகிறது, தசைவலி இடம் மாறுகிறது என்றால் ட்ராப்ஸ் என்ற வேறொரு பரம்பரைக் காய்ச்சல் நோயாக இருக்கலாம். கைக்குழந்தையிலேயே ஆரம்பித்து, தடுப்பூசி போட்டால் கிளம்பி, கழுத்தில் நெறிகட்டி, மூன்று முதல் ஏழு நாள் இருந்தால் மெவலோனேட் கைனேஸ் குறைபாடு என்ற இன்னொரு பரம்பரை நோயாக இருக்கலாம். இரண்டிலுமே கொல்கிசின் பெரிதாக உதவாது. அங்கே மருந்தைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

மூன்றாவது, தாக்குதல் இல்லாத நாட்களில் ரத்தம் எப்படி இருக்கிறது? நல்லாயிருக்கிற வாரத்தில் உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி. பாருங்கள், வசதி இருந்தால் எஸ்.ஏ.ஏ. என்ற சீரம் அமிலாய்டு ஏ புரதத்தையும் பாருங்கள். எஸ்.ஏ.ஏ. எப்போதும் உயர்ந்தே இருந்தால், தாக்குதல் குறைந்தாலும் நோய் அடங்கவில்லை என்றுதான் அர்த்தம். அந்தப் புரதம் சிறுநீரகத்தில் படிந்து அமிலாய்டோசிஸ் வரும், சிறுநீரகம் செயலிழக்கும். 1972ல் கொல்கிசின் இந்த நோய்க்கு உதவும் என்று தெரிவதற்கு முன்னால் இந்த நோயாளிகள் பலர் இறந்தது காய்ச்சலால் இல்லை, சிறுநீரகத்தால். அதனால் சிறுநீரில் புரதம் போகிறதா என்ற சாதாரணப் பரிசோதனையை 6 மாதத்துக்கு ஒருமுறையாவது விடாதீர்கள். எல்லா லேபிலும் இருக்கிறது, செலவும் குறைவு.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. தொண்டை வலி, சளி என்று போனால் கிளாரித்ரோமைசின் எழுதிவிடுவார்கள். கொல்கிசினோடு அது சேரவே கூடாது, ரத்தத்தில் கொல்கிசின் ஏறி உயிருக்கே ஆபத்து. எந்த டாக்டரிடம் போனாலும், மெடிக்கல் ஷாப்பில் நின்றாலும், முதலில் கொல்கிசின் சாப்பிடுகிறேன் என்று சொல்லப் பழகச் சொல்லுங்கள்.

போடிநாயக்கனூர் அம்மா:

டாக்டர் ட்ராப்ஸ் என்று எழுதியதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. என் மகனுக்கு அதுதான், அவன் அப்பாவுக்கும் அதே. எங்களுக்கும் முதலில் கொல்கிசின்தான் கொடுத்தார்கள், துளி பலனில்லை. ஸ்டீராய்டு போட்டால் நிற்கும், நிறுத்தினால் வரும், பையன் முகம் ஊதிப்போய் வகுப்பில் கிண்டல். இப்போது அனகின்ரா ஊசி, தினமும் தோலுக்கடியில்.

ஊசி போட்டால் எல்லாம் நின்றுவிடுமா என்று கேட்டீர்கள். காய்ச்சல் நின்றது, அதில் சந்தேகமில்லை. ஆனால் தினமும் ஊசி என்றால் தினமும் ஊசிதான், கல்யாண வீட்டுக்குப் போனாலும் ஐஸ் டப்பா கூடவே வரும். ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், கரண்ட் போனால் என் உயிரும் கூடவே போகும். போட்ட இடம் முதல் சில வாரம் சிவந்து தடித்து அரிக்கும், பிறகு பழகிவிடும். மருந்து வருவது தாமதமானால் காய்ச்சல் திரும்ப வரும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஆரம்பியுங்கள், பாதியில் பணமில்லை என்று நிறுத்துவது ஆரம்பிக்காததைவிடக் கொடுமை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், டாக்டர்கள் மாதம் எத்தனை தடவை காய்ச்சல் என்று மட்டும் எண்ணுகிறார்கள். காய்ச்சல் இல்லாத நாளில் அடுத்தது எப்போது வரும் என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருப்பதை யாரும் எண்ணுவதில்லை. சுற்றுலாவுக்குப் பேர் கொடுக்க மாட்டான், கிரிக்கெட் டீமில் சேர மாட்டான், சொன்ன நாளில் வர முடியாமல் போய்விடுமே என்று. அதையும் டாக்டரிடம் வாய்திறந்து சொல்லுங்கள், நாம் சொன்னால்தான் கேஸ் ஷீட்டில் ஏறும்.

மேலூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் சொன்னதைத் தங்கச்சியிடம் கேட்டேன். முதலில் முறைத்தாள், அப்புறம் சொன்னாள். வேலை நாளில் காலை மாத்திரை கிடையாது, ராத்திரி ஒன்று, சில நாள் இரண்டு. தீபாவளி, ஆடித் தள்ளுபடி சமயத்தில் அதுவும் கிடையாது. கடையில் பாத்ரூம் மூன்றாவது மாடி, பில் கவுண்டரில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டுமாம். ஸ்டூல் இருக்கிறது, ஓனர் மாடிக்குப் போனால் உட்காரலாமாம். கணுக்கால் சிவப்பும் உண்டு, செருப்புக் கடி என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

மரபணுத் தாளில் எம்694வி இரண்டு பிரதியிலும் என்று இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் மாமன் மகள், அத்தை மகன். இப்போது தங்கச்சிக்கும் எங்கள் தாய்மாமன் மகனையே பேசுகிறார்கள், அதைத்தான் கேட்க வந்தேன், முதல் பதிவில் கூச்சமாக இருந்தது.

வைகைக்கரை டாக்டர்:

அப்படியானால் இதுவரை அவருக்கு நோய் மருந்துக்கு அடங்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதே சமயம், வயிறு தாங்காததால் போட வேண்டிய அளவைப் போட முடியவில்லை என்பதும் ஒரு மருத்துவக் காரணம்தான். 2021ல் நிபுணர்கள் கூடி எழுதிய வரையறையில் மருந்து ஒத்துக்கொள்ளாததையும் அடங்காததோடு சேர்த்துத்தான் பேசுகிறார்கள். அதனால் மாத்திரையைச் சாப்பிடவில்லை, அவள் மேல்தான் தப்பு என்று வீட்டில் யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். பாலை நிறுத்தி, வேளையை மாற்றி, மெதுவாக ஏற்றி, சில மாதம் ஒழுங்காகப் போட்டுப் பாருங்கள். எந்த நாள் காய்ச்சல், எத்தனை மணி நேரம், எங்கே வலி, மாதவிடாய் நாளா, மாத்திரை போட்ட நாளா என்று ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். சிலருக்கு மாதவிடாயோடு சேர்ந்துதான் தாக்குதல் வரும், நோட்டு இல்லாமல் அது பிடிபடாது.

அப்படியும் வந்தால் ஊசி. எஃப்.எம்.எஃப்.பில் பைரின் என்ற புரதம் கட்டுப்பாடில்லாமல் வேலை செய்து இன்டர்லியூகின்-1 என்ற பொருளைக் கொட்டுகிறது, ஊசி அதைத் தடுக்கிறது. தினசரி ஊசி அனகின்ரா, 4 வாரத்துக்கு ஒன்று என்றால் கனகினுமாப். 2018ல் வெளியான ஆய்வில், கொல்கிசினுக்கு அடங்காத எஃப்.எம்.எஃப். நோயாளிகளில் கனகினுமாப் போட்ட 61 சதவீதம் பேருக்கு 16 வாரத்தில் முழுப் பலன், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களில் 6 சதவீதம். நல்ல பலன், ஆனால் நூற்றுக்கு நூறு இல்லை. ஊசி ஆரம்பித்தாலும் கொல்கிசினைத் தாங்குகிற அளவுக்குத் தொடரச் சொல்வோம். முன்னதாக டி.பி. இருக்கிறதா என்று மாண்டூ என்ற தோல் பரிசோதனை அல்லது ரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே பார்ப்பார்கள். மறைந்திருக்கும் டி.பி.க்கு மருந்து தேவைப்பட்டு அதில் ரிஃபாம்பிசின் இருந்தால், அது கொல்கிசினின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும், அந்த மாதங்களில் காய்ச்சல் கூடினால் ஊசியும் வேலை செய்யவில்லை என்று பயப்பட வேண்டாம். பணம் கட்டுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டப் பிரிவில் எழுத்துமூலமாகக் கேளுங்கள், வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

இன்னொரு விஷயம், சி.ஆர்.பி. சரியாக இருந்தும் உடம்பெல்லாம் வலி, தூக்கமில்லை, எப்போதும் அசதி என்றால் அது ஃபைப்ரோமயால்ஜியாவாக இருக்கலாம், இந்த நோயாளிகளிடம் அது சேர்ந்தே காணப்படுவதுண்டு. அதற்கு இந்த ஊசி பலன் தராது, உடற்பயிற்சி, தூக்கம், மனநலச் சிகிச்சை என்று வேறு வழி.

கல்யாணம். தங்கைக்கு இரண்டு பிரதியிலும் மாற்றம் இருப்பதால் ஒன்று கட்டாயம் பிள்ளைக்குப் போகும். பிள்ளைக்கு நோய் வருமா என்பது மாப்பிள்ளையிடம் இருக்கிறது. உங்கள் அம்மாவிடம் ஒரு பிரதி நிச்சயம் உண்டு, அவர் தம்பியிடம் இருக்கப் பாதி வாய்ப்பு, அவர் மகனிடம் கால் வாய்ப்பு. அவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரப் பாதிக்குப் பாதி. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், பேச்சை முடிப்பதற்கு முன்னால் அதைச் செய்யுங்கள். கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் கொல்கிசினை நிறுத்தத் தேவையில்லை, நிறுத்தினால்தான் தொந்தரவு.

ஒட்டன்சத்திரத்து அக்கா:

கல்யாணத்தில் டாக்டர் கணக்குச் சொல்லிவிட்டார், நான் நடைமுறை சொல்கிறேன். மறைத்துக் கட்டிக்கொடுக்காதீர்கள். மாசம் ஒரு காய்ச்சலை எந்த மாமியாரிடமும் மறைக்க முடியாது. நான் சொல்லித்தான் கட்டிக்கொண்டேன், இரண்டு இடம் தட்டிப்போனது, மூன்றாவது அமைந்தது, பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கடைக்கு டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். நோயின் பெயர் வேண்டாம், காய்ச்சல் நோய் என்று எழுதினாலே ஒட்டிக்கொள்ளும் என்று ஒதுக்குவார்கள், இது பரம்பரையில் வருவது, தொற்றாது. தொடர் மருந்து எடுக்கிறார், அவ்வப்போது கழிப்பறை போகவும் உட்காரவும் அனுமதி தேவை, இவ்வளவு இருந்தால் போதும். முடிந்தால் பாத்ரூம் இருக்கிற மூன்றாவது மாடியிலேயே செக்ஷன் மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள். ஆடித் தள்ளுபடி வருவதற்குள் கேட்டுவிடுவது நல்லது, அப்போது யாரையும் மாற்ற மாட்டார்கள்.

மேலூர்க்காரன்:

மூன்றாவது மாடியில் பட்டுப்புடவை செக்ஷனாம், அங்கே உட்கார்ந்துதான் விரித்துக் காட்டுவார்களாம். கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். அடுத்த மாதம் வேலூருக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டிருக்கிறோம், நோட்டும் சிறுநீர் ரிசல்ட்டும் எடுத்துப் போகிறோம். மாமாவிடம் ரத்தப் பரிசோதனை விஷயத்தை அம்மாதான் பேசுவதாகச் சொல்லியிருக்கிறது, நான் பேசினால் சண்டையாகிவிடும்.